மோசமான வாரத்தையும் தாங்குகிற தொழில்: தன்னார்வ மென்டாராகப் போகிறவர்களுக்கு

சொந்தத் தொழில் செய்பவர்களுக்குச் சம்பளம் வாங்காமல் வழிகாட்டும் மென்டாராக நான் முதன்முதலில் போனபோது எனக்குக் கொடுக்கப்பட்டவர் சின்னதாக ஒரு அச்சகம் நடத்திக்கொண்டிருந்தார். குடியை விட்டு 8 மாதம் ஆகியிருந்தது, மனச்சோர்வுக்கு மருந்தும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது சந்திப்புக்கு 40 நிமிடம் தாமதமாக வந்தார். நான் ராத்திரி உட்கார்ந்து தயாரித்த விலைப் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினேன், அவரும் தலையாட்டிக்கொண்டே கேட்டார், கிளம்பும்போது நன்றி கூடச் சொன்னார். மூன்று மாதமாகத் தனக்கு வந்த ஒரு கடிதத்தையும் அவர் பிரிக்கவில்லை, மின்னஞ்சலைத் திறக்கவே பயந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு ஐந்தாவது சந்திப்பில்தான் தெரிந்தது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பாவம் அவர் என்ன செய்திருப்பார்?

அன்றைக்கு மண்டையில் உறைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சொந்தத் தொழில் செய்கிற ஒருவருக்கு மனநலச் சிக்கலோ போதைப் பழக்கமோ இருந்தால் அவரைக் குணப்படுத்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், கவுன்சலர்கள் இருக்கிறார்கள், மீட்புக் குழுக்கள் இருக்கின்றன. நம் வேலை தொழிலைப் பற்றியது. முதலாளி ஒரு வாரம் படுத்துவிட்டாலும் தொழில் சேர்ந்து படுத்துவிடாதபடி ஏற்பாடு செய்ய அவருக்குத் துணையாக இருப்பது, அவ்வளவுதான். சம்பளத்துக்குப் போகிறவர் உடம்பு சரியில்லை என்றால் லீவு போடுவார். முதலாளி யாரிடம் போய் லீவு கேட்பார்?

இது யாரோ ஒன்றிரண்டு பேருடைய பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். மைக்கேல் ஃப்ரீமன் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவர் குழுவும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 242 தொழில்முனைவோரில் 49 சதவீதம் பேர் வாழ்நாளில் எப்போதாவது ஒரு மனநலப் பாதிப்பாவது தங்களுக்கு இருந்ததாகச் சொன்னார்கள். அவர்களாகவே தங்களைப் பற்றிச் சொன்ன கணக்கு என்பதால் அப்படியே எல்லாருக்கும் பொருத்த முடியாது, சரி. ஆனால் நீங்கள் சாதாரண மென்டாராகப் போனாலும் இப்படி ஒருவரைச் சந்திக்கத்தான் போகிறீர்கள். தெரிந்தே போவது நல்லது.

போவதற்கு முன்னால் உங்களைக் கொஞ்சம் பாருங்கள்

ஏன் இதைச் செய்ய நினைக்கிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் குடித்தே அழிந்த ஒருவரைக் காப்பாற்ற முடியாமல் போன வருத்தம் உள்ளே இருந்தால், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் அந்தக் கணக்கைத் தீர்க்கப் பார்ப்போம். அப்படி வருத்தம் உள்ளவர்கள் வரக்கூடாது என்று சொல்லவில்லை, நல்ல மென்டார்கள் பலர் அங்கிருந்துதான் வருகிறார்கள். தெரிந்து வைத்துக்கொண்டு வாருங்கள் என்கிறேன். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951-இல் தொடங்கிய அல்-அனான் குழுக்களில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: இதை நான் உண்டாக்கவில்லை, என்னால் இதைக் கட்டுப்படுத்த முடியாது, என்னால் இதைக் குணப்படுத்தவும் முடியாது. மென்டாரும் இதை மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

நீங்களே போதையிலிருந்து மீண்டவராக இருந்தால் உங்கள் சொல்லுக்கு ஒரு தனி எடை இருக்கும். 1935 மே மாதம் பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரர் ஒரு கம்பெனியைக் கைப்பற்றும் முயற்சியில் தோற்றுப்போய் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் ஒரு ஹோட்டல் முன்கூடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு பக்கம் பாரிலிருந்து பேச்சுச் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோன் பக்கம் போய், தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக அழைத்து, தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரரோடு பேச வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித், அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்ததுதான், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். யோசித்துப் பார்த்தால் அந்த இயக்கமே ஒரு பிசினஸ் தோல்வியின் மாலையில் ஆரம்பித்ததுதான்.

ஆனால் அந்தக் குழுக்களில் ஸ்பான்சர் என்று ஒருவர் இருப்பார், குடிக்காமல் இருப்பதற்குத் துணை நிற்பவர். மென்டாரும் ஸ்பான்சரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது என் கட்சி. ஆர்டர் கைவிட்டுப் போனதையும் நேற்று இரவு குடித்துவிட்டதையும் ஒரே ஆளிடம் சொல்ல வேண்டியிருந்தால், அவர் இரண்டையுமே மறைக்கத் தொடங்கிவிடுவார்.

நேரத்தைப் பற்றியும் நேர்மையாக இருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம், ஒரு வருடம். இதைத் தர முடியாதென்றால் ஆரம்பிக்காதீர்கள். ஏற்கெனவே பலர் பாதியில் விட்டுப் போன மனிதரிடம் போய் நீங்களும் அதையே செய்வது, போகாமலே இருப்பதைவிட மோசம். தனியாகவும் இறங்காதீர்கள். ஏதாவது ஒரு அமைப்பின் மூலமாகப் போங்கள், அதில் உங்களுக்குச் சந்தேகம் வரும்போது போன் செய்ய ஒருவர் இருக்கிறாரா என்று முதல் நாளே கேளுங்கள். "எப்ப வேணும்னாலும் மெயில் போடுங்க" என்பது பதில் ஆகாது. மனநல முதலுதவிப் பயிற்சி பக்கத்தில் எங்காவது நடந்தால் ஒரு முறை போய் உட்கார்ந்துவிடுங்கள். 2000-இல் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனரும் டோனி ஜோர்மும் தொடங்கியது, இப்போது பல நாடுகளில் நடக்கிறது.

முதல் சந்திப்பு

நோயின் பெயரைக் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், குறிப்பேட்டில் எழுதாதீர்கள், மின்னஞ்சலில் அறவே எழுதாதீர்கள். ஒரு வரி தப்பான ஆள் கைக்குப் போனால் கடன் கொடுத்தவரும் கூட்டாளியும் அவரை அதற்கப்புறம் வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

ரகசியத்தைப் பற்றி உட்கார்ந்தவுடனே பேசிவிடுவது உத்தமம். "நீங்க சொல்றது எதுவும் வெளியே போகாது" என்று மொத்தமாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாத நாள் வரலாம். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் நான் ஆள் கூப்பிடுவேன், மற்றதெல்லாம் நமக்குள், என்று சொல்லுங்கள். பெரும்பாலும் இதைக் கேட்டதும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதிதான் தெரியும்.

எந்த நேரத்தில் சந்திப்பது என்பதை அற்ப விஷயமாக நினைக்க வேண்டாம். சில மாத்திரைகள் காலையில் தலையைக் கனக்க வைக்கும், சிலருக்குச் சாயங்காலம் ஆக ஆகக் கை தானாகப் பாட்டிலைத் தேடும். எந்த நேரத்தில் உங்களுக்குத் தலை தெளிவாக இருக்கும் என்று கேட்டு அந்த நேரத்தை வாங்குங்கள். பார் இருக்கிற இடத்தில் சந்திக்க வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நானும் நினைத்தேன், ஆனால் நல்ல அமைதியான இடம் என்று ஹோட்டல் லவுஞ்சுக்குக் கூட்டிப்போன மென்டாரை எனக்குத் தெரியும்.

அப்புறம் கேள்விகள். நான் இப்போதெல்லாம் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். போன வாரம் நாள்வாரியாக எப்படிப் போனது? நீங்கள் வராத நாளில் கதவைத் திறப்பது யார்? எதைத் திறந்து பார்க்கப் பயமாக இருக்கிறது? மூன்றாவது கேள்வியை அந்த அச்சகக்காரரிடம் முதல் நாளே கேட்டிருந்தால் நான்கு சந்திப்புகள் மிச்சமாகியிருக்கும்.

அந்தக் கடிதங்களை என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வழி எனக்குப் பல பேரிடம் கைகொடுத்திருக்கிறது. ஆறாவது சந்திப்புக்கு அவற்றை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்து வரச் சொன்னேன். போனில் 25 நிமிடம் அலாரம் வைத்தோம். இன்றைக்கு எதற்கும் பதில் எழுதப் போவதில்லை, பணம் கட்டப் போவதில்லை, பிரித்துப் பிரித்து அடுக்கப் போகிறோம், அவ்வளவுதான் என்று பேச்சு. குப்பை ஒரு பக்கம், அப்புறம் பார்க்கலாம் ஒரு பக்கம், தேதி போட்டது ஒரு பக்கம். முதல் உறையைப் பிரிக்கும்போது அவர் விரல் நடுங்கியது, அது காகித விற்பனையாளர் அனுப்பிய விளம்பரம். 61 உறைகளில் உண்மையாகவே தேதிக்குள் கவனிக்க வேண்டியவை 4. அதில் ஒன்று அவருக்கு வர வேண்டிய பணத்தைப் பற்றியது! அலாரம் அடித்ததும் நிறுத்திவிட்டோம். இன்னும் இரண்டு உறை மிச்சம் இருந்தன, பிரித்துவிடலாம் என்று அவரே சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன். சொன்ன நேரத்தில் நிறுத்துவோம் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அடுத்த தடவை பையைத் தூக்கிக்கொண்டு வருவார்.

மோசமான வாரத்துக்கான ஒரு பக்கம்

நீங்கள் ஒரு வருடத்தில் வேறு எதுவுமே செய்யாவிட்டாலும் பரவாயில்லை, இந்த ஒரு பக்கத்தைச் செய்து முடியுங்கள். மனநலத் துறையில் இது புதிதில்லை. 1997 வாக்கில் மேரி எல்லன் கோப்லேண்ட் என்பவர் அமெரிக்காவின் வெர்மான்டில், மனநலச் சிக்கலோடு வாழ்பவர்களோடு சேர்ந்து ஒரு மீட்புத் திட்ட முறையை உருவாக்கினார். நன்றாக இருக்கும்போதே, நான் சரியில்லாமல் போனால் என்ன அறிகுறி தெரியும், யார் என்ன செய்ய வேண்டும் என்று அவரவர் கைப்பட எழுதி வைப்பது அதன் சாரம். நாம் செய்வது அதைத் தொழிலுக்கு இழுத்து வருவது.

அறிகுறிகளை அவருடைய வார்த்தையில் எழுத வேண்டும். "மனச்சோர்வு அதிகரித்தல்" என்று எழுதினால் யாருக்கும் உபயோகம் இல்லை. "மெயிலைத் திறக்காமல் சேர்த்து வைப்பேன்", "எல்லா வாடிக்கையாளருக்கும் சரி சரி என்று தேதி கொடுப்பேன்", "கடையிலேயே படுத்துக்கொள்வேன்", இப்படி. இவை ஒவ்வொன்றும் வெளியே இருப்பவர் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள், அதுதான் முக்கியம். அந்த வார்த்தைகளை அவர் வீட்டில் ஒருவரும் கடையில் ஒருவரும் பார்க்க அனுமதிப்பாரா என்று கேளுங்கள். அனுமதிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம், இரண்டு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள்.

அறிகுறி தெரிந்தால் யார் எதை எடுத்துக்கொள்வது என்பது அடுத்தது. சாவி யாரிடம், கணினியின் கடவுச்சொல் யாரிடம் (உங்களிடம் இருக்கவே கூடாது), சம்பளம் எப்படிப் போகும், வாடகையும் மின்கட்டணமும் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு இருக்கிறதா. எந்த மூன்று வாடிக்கையாளர்களுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும், என்ன வாக்கியத்தில் சொல்வது. அந்த வாக்கியத்தை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்: "உடல்நிலை காரணமாக அவர் இந்த வாரம் வர இயலவில்லை, உங்கள் வேலை இந்தத் தேதிக்குள் முடியும்." இதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் பொய்யில்தான் போய் முடியும், யாரிடம் பொய் சொன்னோமோ அந்த வாடிக்கையாளரிடம் திரும்பப் போக அவருக்கே கூசும்.

ஆளே இல்லாத ஒற்றை ஆள் தொழிலாக இருந்தால்? அதே தொழிலில் இருக்கும் இன்னொருவரோடு மாற்று ஏற்பாடு, நீ விழுந்தால் உன் அவசர ஆர்டரை நான் பார்க்கிறேன், நான் விழுந்தால் நீ பார். போட்டியாளரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குவார்கள். காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை, யாருக்குத்தான் காய்ச்சல் வராது.

ஒத்திகை பாருங்கள். அவர் நன்றாக இருக்கும் ஒரு மாதத்தில், இரண்டு நாள் போனை அணைத்துவிட்டு வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். எது நின்றுபோகிறதோ அதையும் அந்த ஒரு பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். அச்சகத்தில் நின்றது மை வாங்குவது, ஏனென்றால் எந்த மை எந்தக் கடையில் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லாம் சூப்பராகப் போகிற வாரம்

படுத்துவிடுவதை எல்லாரும் கவனிப்பார்கள். எழுந்து பறப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள், கை தட்டுவார்கள். இருமுனைக் கோளாறு (மனம் சில காலம் சோர்ந்து விழுந்தும் சில காலம் அளவு மீறிக் கிளர்ந்தும் மாறும் நோய்) உள்ளவர் மூன்று மணி நேரமே தூங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல் வந்து, புதிதாக இரண்டு கிளை, ஒரு செயலி, பத்துப் பேர் வேலைக்கு என்று படபடவென்று பேசும்போது அது அப்படியே ஒரு வெற்றிகரமான தொழில்முனைவோரின் பேச்சு மாதிரியே இருக்கும். தூங்காமல் உழைப்பதைப் பெருமையாகப் பேசுகிற உலகம் இது. நானும் ஒருவரை அப்படி உற்சாகப்படுத்தியிருக்கிறேன், அதை நினைத்தால் இன்றைக்கும் சங்கடம்தான்.

வாதாடினால் பயன் இல்லை. முன்பே போட்டு வைத்த விதிதான் உதவும்: குறிப்பிட்ட தொகைக்குமேல் எந்தச் செலவாக இருந்தாலும் இரண்டு இரவு தூங்கி எழுந்த பிறகு, இரண்டாவது ஆளின் கையெழுத்தோடு. தொகையை அவரே நன்றாக இருக்கும்போது சொல்லட்டும். அப்புறம் நீங்கள் செய்ய வேண்டியது, "நல்ல யோசனையா இருக்கு, எழுதி வைங்க, வியாழக்கிழமை விதிப்படி பார்க்கலாம்" என்பது மட்டும். தூக்கம் குறைந்து நாலைந்து நாள் ஆகிவிட்டது என்று தெரிந்தால் "டாக்டர்கிட்ட பேசினீங்களா?" என்று நேராகக் கேளுங்கள்.

மாத்திரை விஷயத்தில் உங்களுக்கு இருக்கும் ஒரே கேள்வியும் அதுதான். மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் "ஒண்ணும் கேக்கலை சார்" என்று சொல்வார்கள். கொஞ்சம் தேறியதும் "இனி வேண்டாம்" என்று நிறுத்தவும் பார்ப்பார்கள், திடீரென்று நிறுத்துவது அதைவிடத் தொல்லை. இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுபவர் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். இவற்றில் நீங்கள் கருத்துச் சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் மருத்துவமனைத் தேதிகளைக் காலண்டரில் முதலில் போட்டுவிட்டு மற்றச் சந்திப்புகளை அதைச் சுற்றிப் போடச் சொல்லலாம். பெரிய வாடிக்கையாளர் கூப்பிட்டார் என்று டாக்டர் அப்பாயின்ட்மென்டைத் தள்ளிப் போடுவதுதான் பல சரிவுகளின் முதல் படி.

குடி, மாத்திரை, சூதாட்டம்

தயவுசெய்து யாரிடமும் "இன்னிக்கே நிறுத்துங்க" என்று சொல்லாதீர்கள். நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் ஆபத்தான அறிவுரை இது. தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் மாயத்தோற்றங்களோடு சித்தம் குழம்பும் நிலை வரலாம். அதில் உயிர் போகவும் கூடும். தூக்க மாத்திரைக்கும் பதற்றத்துக்கான மாத்திரைக்கும் அடிமையானவர்கள் விஷயத்திலும் இதே எச்சரிக்கை. மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். ஹெராயின் போன்றவற்றில் ஆபத்து வேறு மாதிரி: கொஞ்ச நாள் விட்டிருந்து மறுபடி பழைய அளவை எடுத்தால் உடம்பு தாங்காது, சிகிச்சை முடிந்து வெளியே வந்த முதல் வாரங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம்.

குடித்துவிட்டுச் சந்திப்புக்கு வந்தால்? திட்டாதீர்கள், பாடம் நடத்தாதீர்கள், தொழில் பற்றியும் பேசாதீர்கள். "இன்னிக்கு வேண்டாம், அடுத்த வாரம் இதே நேரம் பார்க்கலாம்" என்று முடித்துவிட்டு, வண்டி ஓட்டாமல் வீடு போய்ச் சேர ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த வாரம் நீங்கள் சரியான நேரத்துக்குப் போய் உட்கார்ந்திருங்கள். அவர் வராவிட்டாலும்.

விட வேண்டுமா வேண்டாமா என்று ஊசலாடுபவரிடம் பேச ஒரு முறை இருக்கிறது. வில்லியம் மில்லர் 1983-இல் முதலில் எழுதி, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த ஊக்க நேர்காணல் முறை. நாம் குடியின் கெடுதலை அடுக்க அடுக்க, எதிரே இருப்பவர் குடியின் பக்கம் நின்று வக்கீலாகிவிடுவார். அதனால் வாதத்தை அவர் வாயிலிருந்தே வரவழைப்பது. சின்ன உதாரணம்:

"குடியை விடறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பூஜ்யத்திலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"ஒரு நாலு இருக்கும் சார்."

"ஏன் நாலு? ஒண்ணு, ரெண்டுன்னு சொல்லலையே?"

"... காலைல பொண்ணை ஸ்கூல்ல விடும்போது வாடை வருதுன்னு முகத்தைத் திருப்பிக்கிறா சார்."

ஏன் பத்து இல்லை என்று கேட்டிருந்தால் அவர் சாக்குகளைச் சொல்லியிருப்பார். இதற்கு மேல் நோண்டாமல் விட்டுவிடுங்கள். "இதை உங்க கவுன்சலர்கிட்டயும் சொல்லுங்க" என்பதோடு தொழிலுக்கு வந்துவிடலாம்.

தொழிலில் குடி எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடுவது மட்டும் நம் எல்லைக்குள் வரும். வாடிக்கையாளரோடு இரவு விருந்து, கண்காட்சி முடிந்த மாலை, பெரிய ஆர்டர் கிடைத்த கொண்டாட்டம். நஷ்டத்தில்தான் விழுவார்கள் என்று நினைப்போம், பெரிய தொகை கணக்கில் ஏறிய இரவும் அதே அளவு வழுக்கும். விருந்துக்குப் பதிலாக மதியச் சாப்பாடு வைக்கலாம், கூட ஒருவரைக் கூட்டிப்போகலாம், "மருந்து சாப்பிடறேன், குடிக்கிறதில்லை" என்ற ஒரு வரியைத் தயாராக வைத்திருக்கலாம். மீட்புக் குழுக்களில் பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கையும் கவனிக்கச் சொல்வார்கள். சொந்தத் தொழில் செய்கிறவருடைய சாதாரணமான ஒரு மாலையில் நான்கும் சேர்ந்தே இருக்கும், அதனால் மதியம் சாப்பிட்டாயிற்றா என்ற கேள்வியைக்கூட நான் விடுவதில்லை.

சூதாட்டம் வேறு ரகம். வாடை வராது, கை நடுங்காது, போனுக்குள்ளேயே முடிந்துவிடும். விட்டதைப் பிடிக்க மேலும் மேலும் போடுவதுதான் அதன் சுழல், தொழில் பணம் என்பது அந்தச் சுழலுக்குப் பக்கத்திலேயே வைத்த குவியல். கணக்கில் காரணம் சொல்ல முடியாத ரொக்க எடுப்பு, சப்ளையருக்குப் போகாத பணம், திடீர்க் கைமாற்று, இவற்றைப் பார்த்தால் கேளுங்கள். தொழில் கணக்கில் இரண்டு கையெழுத்து, அவருக்குத் தினசரிச் செலவுக்கு மட்டும் தனியாகச் சின்னக் கணக்கு, வசூல் நேராக வங்கிக்குப் போகும்படி மாற்றம் என்று பணத்துக்கும் கைக்கும் நடுவில் தூரத்தை உண்டாக்குவதுதான் வழி. சூதாட்டத்தை விட நினைப்பவர்களுக்கான கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் குழுக்களிலும் பணத்தை இன்னொருவர் பொறுப்பில் விடுவது வழக்கமான யோசனைதான். அந்த இன்னொருவர் நீங்கள் இல்லை.

இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கடன் கொடுக்காதீர்கள், ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள், பங்கு வாங்காதீர்கள். அவசரம், நாளைக்குச் சம்பளம், உங்களைத் தவிர யாரும் இல்லை என்று ஒரு நாள் நிச்சயம் கேட்பார். கொடுத்த நிமிடத்திலிருந்து நீங்கள் இன்னொரு கடன்காரர், உங்கள் போனையும் எடுக்க மாட்டார்.

மறுபடி விழுவார்களா? பலர் விழுவார்கள். போதை நோய்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி அதில் விழுவதாக அமெரிக்காவின் தேசியப் போதை ஆய்வு நிறுவனம் சொல்கிறது, ரத்தக் கொதிப்பும் ஆஸ்துமாவும் திரும்ப வருவது போலத்தான் என்று ஒப்பிடவும் செய்கிறது. அதனால் விழுந்தால் என்ன செய்வோம் என்று விழாதபோதே பேசி வையுங்கள். "எனக்கு ஒரு குறுஞ்செய்தி போதும், விவரம் வேண்டாம், நாம் அந்த ஒரு பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்கலாம்" என்று. என் அச்சகக்காரர் பதினொன்றாவது மாதத்தில் விழுந்தார். "பக்கம்" என்று ஒரே ஒரு வார்த்தைதான் அனுப்பினார். ஒன்பது நாள் வரவில்லை, கடை நடந்தது, ஒரு ஆர்டர் மட்டும் கைவிட்டுப் போனது.

உயிர் பற்றிய கேள்வி

கடன் கழுத்தை நெரிக்கும்போது, "நான் இல்லாட்டி இன்சூரன்ஸ் பணமாவது வரும்" என்பது மாதிரி ஒரு வாக்கியம் வந்து விழலாம். தொழிலைத் திடீரென்று வேறு பெயருக்கு மாற்ற அவசரப்படலாம், பல நாள் கொந்தளிப்புக்குப் பின் காரணமில்லாமல் அமைதியாகிவிடலாம். கேட்காமல் விடாதீர்கள். சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "தற்கொலை பண்ணிக்கலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புகுந்துவிடாது, ஆய்வுகள் அதைத் தெளிவாகவே காட்டியிருக்கின்றன. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள், அந்த மௌனம் நீளமாக இருக்கும்.

ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள், கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும் ஆபத்தான பொருளை அப்புறப்படுத்த வீட்டாரைக் கூப்பிடுங்கள், அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அவர் முன்னிலையிலேயே அழையுங்கள். அந்த எண்கள் முதல் சந்திப்புக்கு முன்பே உங்கள் போனில் ஏறியிருக்க வேண்டும், அந்த நேரத்தில் கூகுளில் தேடிக்கொண்டிருக்க முடியாது. அன்றைக்கே உங்கள் அமைப்பில் இருப்பவரோடு பேசுங்கள், அவருக்காக மட்டும் இல்லை, உங்களுக்காகவும்.

தொழிலை மூடுவதும் ஒரு உதவிதான்

சில சமயம் ஆளைத் தின்றுகொண்டிருப்பது தொழிலேதான். அப்போது மென்டாருக்குத் தன்னை அறியாமல் ஒரு கௌரவப் பிரச்சினை வரும், நம்மிடம் வந்தவர் தொழிலை மூடினார் என்றால் நமக்குத் தோல்வியாயிற்றே என்று. அதை ஓரம் கட்டிவிட்டு, எவ்வளவு கடன், எதை விற்கலாம், ஊழியருக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் மூடினால் குறைந்த சேதம் என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். தெரிந்த ஒரு வழக்கறிஞரிடமோ கணக்காளரிடமோ அனுப்பிவையுங்கள். நன்றாக மூடிய தொழில் மறுபடி தொடங்க வழி விடும், நடு ராத்திரியில் ஓடிப்போய் மூடியது விடாது.

உங்கள் பக்கத்துக்கு வருவோம். இரவு ஒன்பதுக்கு மேல் போன் எடுப்பதில்லை என்றால் அதை முதலில் சொல்லுங்கள், அந்த நேரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் எடுக்காதீர்கள், ஆரம்பத்தில் ஒருவர் போதும். சந்திப்பு முடிந்து வீட்டுக்கு வந்தும் அதே யோசனையாக மூன்று நாள் தூக்கம் கெட்டால் அதையும் யாரிடமாவது சொல்லுங்கள். முடிவுத் தேதியை முதல் மாதத்திலேயே குறித்து, மூன்று மாதம் இருக்கும்போதே நினைவுபடுத்தத் தொடங்குங்கள், திடீரென்று விலகினால் அது அவருக்கு இன்னொரு கைவிடல்.

எங்கள் கடைசிச் சந்திப்பில் அச்சகக்காரர் அந்த ஒரு பக்கத்தின் நான்காவது பதிப்பைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தார், அவர் கடையிலேயே அச்சடித்தது. மை வாங்கும் இடங்கள் மூன்று வரியில் இருந்தன. கூப்பிட வேண்டிய ஆட்கள் என்ற இடத்தில் இரண்டாவதாக இருந்த என் எண்ணைக் காணவில்லை, அந்த இடத்தில் கடையில் வேலை பார்க்கும் பையனின் பெயர் இருந்தது. "உங்களுக்கு வருத்தம் இல்லையே சார்?" என்றார்.

இல்லை என்றேன். கொஞ்சம் இருந்தது.